எட்டாவது முடிச்சு

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று எல்லா ஊரிலும் சொல்வார்கள். சொல்வதோடு சரி, யாரும் அளந்து பார்ப்பதில்லை. அந்தத் துறைமுகத்தில் மட்டும் அதற்கென்றே ஒரு ஆளை வேலைக்கு வைத்திருந்தார்கள். அவருக்கு அளவுகாரர் என்று பேர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பேர் ஒன்று அலுவலகப் பதிவேட்டில் கிடக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

துறைமுகம் என்று சொல்ல அப்போது வாய் கூசும். ஆறு கடலில் சேருகிற இடத்தில் மணல் மேடு தட்டியிருந்தது. மேட்டுக்கு உள்பக்கம் கொஞ்சம் அமைதியான தண்ணீர். அதில் பதினொரு படகுகள், பலகை அடித்த ஒரு துறை, தகரக் கொட்டகை ஒன்று. அவ்வளவுதான். படகுகள் கடலுக்குப் போகவும் வரவும் மணலுக்கு நடுவே ஒரே ஒரு வாய். அந்த வாயை நம்பவே முடியாது. இன்றைக்கு இங்கே ஆழமாக இருக்கும். நாலு நாள் காற்று மாறி அடித்தால் இங்கே மூடிக்கொண்டு அங்கே திறந்திருக்கும். பிள்ளைகுட்டி உள்ளவன் எவனும் கண்ணை மூடிக்கொண்டு அதற்குள் படகை விட மாட்டான்.

அதனால்தான் அளவுகாரர். பத்தொன்பது வயதில் வேலைக்குச் சேர்ந்தார். விடிந்ததும் சின்னத் துடுப்புப் படகில் வாய்க்கு நடுவே போவார். கையில் ஒரு நூல் கயிறு, நுனியில் ஈயக்குண்டு, அடிக்கு ஒரு முடிச்சு. குண்டு தரையைத் தொட்டதும் எத்தனை முடிச்சு நனைந்திருக்கிறது என்று பார்ப்பார். பத்துப் பன்னிரண்டு இடத்தில் போட்டுப் பார்த்து, இருப்பதிலேயே குறைந்ததை எடுத்துக்கொண்டு கரைக்கு வந்து கம்பத்தில் கொடி ஏற்றுவார். எட்டு முடிச்சு நனைந்தால் வெள்ளைக் கொடி, மீனோடு உள்ளே வரலாம். எட்டுக்குக் கீழே என்றால் சிவப்பு, தண்ணீர் ஏறும்வரை வெளியே நில். காலியாக வெளியே போகிற படகுக்குக் கொடி கணக்கில்லை. ஏழரைக்கு என்ன கொடி என்று ஒருவன் கேட்டானாம். ஏழரை எந்தக் காலத்தில் யாருக்கு நல்லது செய்திருக்கிறது என்றாராம் இவர். அப்போதெல்லாம் அவருக்கு வாய் உண்டு.

இப்போது அறுபத்தொன்பது வயது. வாயின் இரண்டு பக்கமும் கருங்கல் கொட்டி அலைத்தடுப்புச் சுவர் கட்டிவிட்டார்கள். மணல் உள்ளே வர வழியில்லை. வருஷம் முழுக்கப் பதினாலு அடி. நூற்று நாற்பது விசைப்படகு, ஏலக்கூடம், ஐஸ் கம்பெனி, டீசல் பங்க் எல்லாம் வந்தாயிற்று. அளக்க ஒன்றும் இல்லாததால் அளவுகாரரைக் கிடங்கில் உட்காரவைத்தார்கள். மிதவையோ விளக்கோ கயிற்றுச் சுருளோ யாராவது கேட்டால் எடுத்துக் கொடுப்பார். அதற்காக வருத்தப்பட்டார் என்று நினைத்தால் தப்பு. வருத்தப்படுகிற சமாசாரமே அவரிடம் கிடையாது.

பேரன் பிறந்தான் என்று வந்து சொன்னபோது “சரி” என்றார். கிடங்குக் கதவில் விரல் நசுங்கி நகம் கழன்று விழுந்தபோதும் அதே “சரி”தான். அவர் வீட்டுக்காரி வாய் ஓயாதவள். “மரங்கூட காத்தடிச்சா ஆடும். இந்த மனுஷன எதைக் கொண்டு அடிக்கிறது?” என்பாள். துறைமுகத்தில் இதற்கு வேறு அர்த்தம். பெரிய மனுஷர், நிதானமானவர், நாலு பேர் மாதிரி அலட்டிக்கொள்ள மாட்டார் என்று மரியாதையாகப் பேசிக்கொள்வார்கள். நிதானம் வேறு, மரத்துப்போவது வேறு. வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

எப்போதிலிருந்து இப்படி என்று அவருக்கு நன்றாகத் தெரியும். இருபத்தாறு வருஷம்.

அன்றைக்கு நடந்ததாக ஊர் அறிந்த கதை இது. காலையில் அளவுகாரர் அளந்தார். எட்டு. வெள்ளைக் கொடி ஏறியது. வெளியே காத்துக்கிடந்த படகுகளில் முதலாவதாக வாய்க்குள் நுழைந்தது அவருடைய சொந்தத் தம்பி சுக்கான் பிடித்த படகு. நடுவாயில் அடிக்கட்டை மணலில் இடித்து நின்றது. பின்னாலேயே வந்த அலை படகைத் தூக்கிக் கவிழ்த்தது. நாலு பேர் நீந்திக் கரையேறினார்கள். தம்பியும், வலை இழுக்க வந்த இன்னொருவனும் ஏறவில்லை. மூன்றாம் நாள் விசாரணைக்கு ஒரு அதிகாரி வந்தார்.

“அன்னைக்கு ஆழம் எவ்வளவு?”

“எட்டு.”

“கொடி?”

“வெள்ளை.”

எட்டு அடி இருந்த இடத்தில் படகு இடிக்காது. இடித்தது என்றால் படகு ஆழமான தடத்தை விட்டு விலகியிருக்க வேண்டும். விலகியது என்றால் சுக்கான் பிடித்தவன் தவறு. அதிகாரி ஒரே வரியில் எழுதி முடித்துவிட்டுப் போய்விட்டார். இரண்டு சாவுக்குப் பிறகு ஜனங்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். நாலு வருஷத்தில் கருங்கல் வந்தது. சுவர் வந்ததும் மற்றதெல்லாம் தானாக வந்தது. துறைமுகத்தின் சரித்திரம் என்று ஒன்று இருந்தால் அதன் நடுவில் அந்தப் படகுதான் கவிழ்ந்துகிடக்கிறது.

அந்தச் சரித்திரத்தைக் கல்லில் வெட்டி வாசலில் வைக்கலாம் என்று இந்த வருஷம் முடிவாயிற்று. துறைமுகத்துக்கு ஐம்பது வயது. அலுவலகத்துக்குப் புதிதாக வந்திருந்த மேடம் சுறுசுறுப்பான பெண். பழைய கோப்புகளைத் தட்டித் தும்மி, பன்னிரண்டு வரி எழுதிவிட்டாள். அளவுகாரரைக் கூப்பிட்டு எதிரில் உட்காரவைத்தாள்.

“ஐயா, நீங்கதான் மொத நாள்லேர்ந்து இருக்கீங்க. நான் படிக்கிறேன். தப்பிருந்தா சொல்லுங்க.”

முதல் ஆண்டு, பலகைத் துறை. ஒன்பதாம் ஆண்டு, முதல் விசைப்படகு. பதினாறாம் ஆண்டு, தகரக் கொட்டகை காற்றில் பறந்தது. அது பறந்து போய் ஒரு கல்யாண வீட்டுக் கூரைமேல் உட்கார்ந்ததைச் சேர்க்கலாமா என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். அளவுகாரர் சிரிக்கவில்லை. அவள் அடுத்த வரிக்குப் போனாள்.

“இருபத்து நான்காம் ஆண்டு. ஓட்டியவர் தடம் தவறியதால் படகு முகத்துவாரத்தில் கவிழ்ந்து இருவர் இறந்தனர். இதன் விளைவாக அலைத்தடுப்புச் சுவர் கட்டப்பட்டது. இது சரிதானே ஐயா?”

“அறிக்கைல அப்படித்தான் இருக்கு.”

கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. ஆனால் பதில் மாதிரி இருந்தது. இருபத்தாறு வருஷத்தில் அவர் கற்றுக்கொண்ட வித்தை அது ஒன்றுதான்.

அவருடைய வீட்டில் குடித்தனம் இரண்டு. முன்பக்கம் அவரும் வீட்டுக்காரியும். பின்பக்கம் தம்பி மனைவி. நடுவில் ஒரு சுவர், சுவரில் ஒரு கதவு, கதவுக்குத் தாழ்ப்பாள் வைத்ததே இல்லை. இவளைப் பெரியவள் என்றும் அவளைச் சின்னவள் என்றும் கூப்பிட்டு, சின்னவளுக்கே இப்போது ஐம்பத்தாறு வயது ஆகிவிட்டது. ஐஸ் கம்பெனியில் அச்சிலிருந்து பாளம் கழற்றுகிற வேலை. கை எந்நேரமும் சில்லென்று வெளுத்துக்கிடக்கும். ஒரே மகள், கட்டிக்கொடுத்த ஊரிலிருந்து இங்கே வருவதில்லை. தடம் தவறினவன் மகள் என்று பள்ளிக்கூடத்திலேயே கேட்டுக் கேட்டு அவளுக்கு இந்த மண்ணே வேண்டாம் என்று ஆகிவிட்டது.

அன்று சாயங்காலம் சின்னவள் நடுக்கதவில் வந்து நின்றாள்.

“மாமா, கல்லுல வெட்டப்போறாங்களாமே.”

“ம்.”

“அவரு பேரு வேணாம், பெருமை வேணாம். அந்தத் தடம் தவறினது மட்டும் வேணாம்னு சொல்லுங்க. காகிதத்துல எழுதினது பெட்டிக்குள்ள கெடந்துச்சு, நானும் சும்மா இருந்தேன். கல்லுல வெட்டினா போகும்போது ஒரு தடவ, வரும்போது ஒரு தடவ நான் அதத் தாண்டித்தானே மாமா வேலைக்குப் போகணும்.”

“ம்.”

“நீங்க சொன்னா அந்த மேடம் கேப்பாங்க.”

பெரியவள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். “கேக்கறாரு பாரு, கல்லு மாதிரி. தனியா ஒரு கல்லு எதுக்கு வாங்கினாங்க? இவரு முதுகுலயே வெட்டிருக்கலாம்.”

சின்னவளுக்குக்கூடச் சிரிப்பு வந்துவிட்டது. அளவுகாரர் பார்க்கிறேன் என்றார்.

மறுநாள் காலை வழக்கம்போல டீக்கடைக்குப் போனார். வாசலுக்கு வலப்பக்கம் இருக்கிற அந்தக் கடை, வலை இழுக்க வந்து செத்தவனுடைய மனைவியின் கடை. எல்லோருக்கும் அவள் டீக்கடை அக்கா. இருபத்தாறு வருஷத்தில் அவள் சின்னவளுக்கு ஒரு டீ கொடுத்ததில்லை, சின்னவளும் கேட்டதில்லை. சின்னவள் டீக்காக டீசல் பங்க் வரை நடப்பாள். அங்கே கிடைப்பது வெந்நீரில் கலர் போட்ட சமாசாரம். ஆனால் அளவுகாரருக்கு அக்கா கடையில் தனிக் கிளாஸே உண்டு. விளிம்பில் நீலக்கோடு போட்டது. அவர் தூரத்தில் வரும்போதே அதைக் கழுவி வைத்துவிடுவாள்.

“அண்ணே, அந்த வரிய எடுக்கச் சொல்லி உங்க வீட்டுல கேக்கறாங்களாமே,” என்றாள் அக்கா, டீயை ஆற்றிக்கொண்டே. ஐஸ் கம்பெனியில் தும்மினால் ஏலக்கூடத்தில் கேட்கிற ஊர் அது.

“ம்.”

“எடுத்தீங்கன்னா நான் கடைய மூடிட்டு அந்தக் கல்லு முன்னாடி உக்காந்துடுவேன், சொல்லிட்டேன். எம் புருஷன் எதனால செத்தாருன்னு ஒரு எடத்துலயாவது இருக்கணும்ல? கூடப் பொறந்த தம்பின்னுகூட பாக்காம அன்னைக்கு அதிகாரி முன்னாடி எட்டுன்னா எட்டுன்னு சொன்னீங்க. வேற ஆளா இருந்தா மழுப்பியிருப்பான். அந்த ஒண்ணுக்காகத்தான் அண்ணே இந்தக் கடைல உங்களுக்கு டீ.”

நீலக்கோட்டுக் கிளாஸை அவர் வாங்கிக் குடித்தார். சூடாக இருந்தது. இறங்கியது.

இனி ஊர் அறியாத கதை. அன்றைக்கு முந்தின நாள் பழைய கயிறு ஒரு படகின் விசிறியில் மாட்டி அறுந்துபோயிற்று. கயிறில்லாத அளவுகாரருக்குச் சிவப்பைத் தவிர வேறு கொடி கிடையாது. நாள் பூராவும் சிவப்பு. வெளியே இருபது படகு மீனோடு நின்றது. கரையில் நிற்கிறவர்கள் அவருடைய ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டினார்கள். கிடங்கில் புது நூல் கயிறு இருந்தது. ஆனால் புது நூல் கயிற்றில் நேரே முடிச்சுப் போடக் கூடாது. மூன்று நாள் உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, காயவைத்து, அதற்குப் பிறகுதான் முடிச்சு. இல்லாவிட்டால் தண்ணீரில் பட்டதும் கயிறு சுருங்கும். சுருங்கினால் முடிச்சுகள் நெருங்கும். நெருங்கினால் ஏழு அடித் தண்ணீர் எட்டு முடிச்சை நனைத்துவிடும். அந்தத் துறையில் இதை அவரைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை.

ஒரு நாளைக்குத்தானே, குடியா முழுகிவிடும் என்று நினைத்தார். எந்த நேரத்தில் அந்த வார்த்தையை நினைத்தாரோ.

பிற்பகலில் வீட்டில் வைத்து முடிச்சுப் போட்டார். வாசல் நிலையில் அடி அடியாகக் கோடு கிழித்திருக்கும். அதில் வைத்து அளப்பார். தம்பி அப்போதுதான் தூங்கி எழுந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தான். இவர் சொல்லாமலே கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான். சாயங்காலம் அவன் படகு வெளியே போக வேண்டும்.

“கை வெச்சா மொடமொடன்னு இருக்கேண்ணே. ஊறப்போடலையா?”

“ஊறாமயா முடிச்சு போடுவேன்? எனக்குச் சொல்லித் தராம பிடிச்சத ஒழுங்காப் பிடி.”

“சரிங்க ஆபீசர்,” என்று சிரித்தான் தம்பி.

மறுநாள் காலை குண்டைப் போட்டார். எட்டாவது முடிச்சு நனைந்தது. வெள்ளைக் கொடி ஏற்றினார். மற்ற படகுகள் நேற்றெல்லாம் சிவப்பைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம் என்று நின்றன. தம்பி யோசிக்கவில்லை. அண்ணன் ஏற்றின கொடி.

அன்று இரண்டு உடலும் கரைக்கு வந்து, அழுகைச் சத்தம் வீட்டை நிரப்பியிருந்தபோது, அவர் ஆணியில் காய்ந்துகொண்டிருந்த கயிற்றை எடுத்து வாசல் நிலையில் வைத்துப் பார்த்தார். எட்டாவது முடிச்சு ஏழு அடி இரண்டு அங்குலத்தில் நின்றது. கயிற்றைச் சுருட்டினார். பெட்டியில் வைத்தார். அந்த நிமிஷத்தில் நெஞ்சுக்குள் என்னவோ அணைந்தது. அதிகாரியிடம் எட்டு என்றது பொய்யில்லை, எட்டாவது முடிச்சு நனைந்ததைக் கண்ணால்தானே பார்த்தார். காரியம் எல்லாம் முடியட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தார். காரியம் முடிந்தது. சின்னவளுக்கு ஐஸ் கம்பெனியில் வேலை கிடைக்கட்டும் என்று இருந்தார். கிடைத்தது. கால் மரத்துப்போனால் உதறிவிட்டு நடக்கலாம். இது உதறுகிற இடமாக இல்லை. ஒரு நாள் பார்த்தால் சொல்ல வேண்டும் என்கிற அரிப்புகூட நின்றுபோயிருந்தது. கிடங்குக்கு மாற்றினபோது பெட்டியையும் அங்கே கொண்டுபோய் அடியில் தள்ளிவைத்தார்.

இரண்டு பெண்களும் இரண்டு பக்கம் இழுத்தார்கள். அவர் தனக்கு எது சுலபமோ அதைச் செய்தார். மேடத்திடம் போய், “அந்தத் தடம் தவறினத எடுத்துடுங்க, வெறுமனே கவிழ்ந்ததுன்னு போடுங்க,” என்றார். “நீங்க சொன்னா சரிதான் ஐயா,” என்றாள் அவள். பிரச்சினை முடிந்தது என்றுதான் அவர் நினைத்தார். நினைத்து முடிப்பதற்குள் கல் வெட்டுகிற வியாழக்கிழமை வந்துவிட்டது.

கல்தச்சர் கிடங்கு வாசலில் சாக்கு விரித்துக் கல்லைப் படுக்கப்போட்டிருந்தார். ஐந்து வரி வெட்டியாயிற்று. ஆறாவது வரி சாக்கட்டியில் எழுதியிருந்தது, பழைய மாதிரியே. அதை அழித்து மாற்ற வேண்டும் என்று மேடம் சொல்லிவிட்டுப் போன அரை மணி நேரத்தில் டீக்கடை அக்கா வந்து கல்லுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கடையை உண்மையாகவே மூடிவிட்டு வந்திருந்தாள்.

“இந்த வரில கைய வெச்சா எம்மேல வெச்ச மாதிரி.”

“எனக்கென்னம்மா, நான் கூலிக்கு மாரடிக்கிறவன்,” என்று கல்தச்சர் உளியைக் கீழே வைத்துவிட்டு வெற்றிலையைத் தேடினார். மேடம் ஓடி வந்தாள். யாரோ போய்ச் சொல்லி, ஐஸ் கம்பெனியிலிருந்து சின்னவள் ரப்பர் உறையைக்கூடக் கழற்றாமல் வந்தாள். அளவுகாரர் கிடங்கு நாற்காலியில் இருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார். பத்தடி தூரம்.

“இங்க பாருங்கக்கா,” என்றாள் சின்னவள். இருபத்தாறு வருஷத்தில் அவளோடு பேசிய முதல் பேச்சு. “உங்க வீட்டுக்காரரப் பத்தி என்ன வேணாலும் எழுதிக்கோங்க. எங்காளு மேல பழி போடாதீங்க.”

“பழியா? எட்டடித் தண்ணில கொண்டுபோய் இடிச்சவன என்னன்னு எழுதறது? உங்க மூத்தாரே அளந்து சொன்ன எட்டு. அவரு பொய் சொல்லுவாரா? சொல்லு, பொய் சொல்லுவாரா?”

சின்னவள் திரும்பி அளவுகாரரைப் பார்த்தாள். அவரிடமிருந்து எதுவும் வராது என்று அவளுக்குப் பழக்கம்தான். ஆனாலும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அக்கா பக்கம் திரும்பினாள்.

“மாட்டாரு,” என்றாள். “மாமா பொய் சொல்ல மாட்டாரு. சரி விடுங்க. அவருதான் தடம் தவறியிருப்பாரு. ரெண்டு நாள் தூக்கமில்ல அவருக்கு, கண்ணு செருகியிருக்கும். நான்தான் இத்தன வருஷமா ஒத்துக்காம... வெட்டுங்க. இருக்கறபடியே வெட்டுங்க.”

கல்தச்சர் உளியை எடுத்தார்.

அளவுகாரருக்கு அப்போதும் உள்ளே ஒன்றும் கலங்கிவிடவில்லை. கலங்கியது என்று எழுதினால் நன்றாக இருக்கும், ஆனால் இல்லை. ஒரு கணக்கு தப்பு என்று மட்டும் பட்டது. தம்பி முந்தின நாள் பிற்பகல்வரை தூங்கி எழுந்துதான் போனான். அவனுக்குத் தூக்கக் கலக்கம் இல்லை. அவள் இல்லாததைச் சொல்கிறாள். அவர் எழுந்து உள்ளே போனார். பெட்டிகளை நகர்த்துகிற சத்தம் கேட்டது. கயிற்றோடு வெளியே வந்தார்.

“டேப் இருக்கா?” என்று கல்தச்சரிடம் கேட்டார். இருந்தது.

“இந்தாம்மா, இந்த முனையப் பிடி.”

சின்னவள் கல்லை அளக்கத்தான் என்று நினைத்து உறையைக் கழற்றிவிட்டுப் பிடித்தாள். தம்பி பிடித்த அதே முனை. அவர் டேப்பைக் கயிற்றோடு சேர்த்து நீட்டி, தரையில் குந்தினார். குண்டு கழன்று எந்தக் காலமோ ஆகிவிட்டது. முடிச்சுகள் கெட்டியாக இருந்தன.

“எட்டாவது முடிச்சு எங்க நிக்குதுன்னு பாத்துச் சொல்லு.”

அவள் எண்ணினாள். குனிந்து பார்த்தாள். “ஏழடி... ரெண்டு அங்குலம்.”

“எட்டு இருக்கணும்.”

“என்ன கயிறு இது மாமா?”

“அன்னைக்கு அளந்த கயிறு.”

கல்தச்சர் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தியிருந்தார். அளவுகாரர் கிடங்கில் மிதவை எடுத்துக் கொடுக்கிற அதே குரலில் சொன்னார். கயிறு ஊறவில்லை. ஊறினால் சுருங்கும் என்று தெரியும். தெரிந்தே போட்டேன். எட்டு முடிச்சு, ஏழடிச் சொச்சம் தண்ணீர். அவன் தடம் தவறவில்லை, நேரே நான் சொன்ன இடத்துக்குத்தான் வந்தான்.

“அவருக்குத் தெரியுமா?” என்றாள் சின்னவள்.

“ஊறப்போட்டியான்னு கேட்டான். போட்டேன்னு சொன்னேன்.”

“ஏன் அப்படிச் சொன்னீங்க?”

அவர் யோசித்தார். “தம்பி, எனக்கே சொல்லித் தர மாதிரி கேட்டான்ல. அதான்.”

சின்னவள் கத்தவில்லை. கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு முடிச்சாகத் தடவிக்கொண்டிருந்தாள். மேடம்தான் முதலில் பேசினாள். இதை எழுதிக் கொடுக்க முடியுமா ஐயா என்று கேட்டாள். அலுவலகக் காகிதத்தில் எழுதினார்: அளவுக் கயிறு தவறு. ஆழம் தவறாகச் சொல்லப்பட்டது. ஓட்டியவர் மேல் குற்றமில்லை. சொன்னவன் அளவுகாரன். கீழே, யாரும் கூப்பிடாத அந்தப் பேரைக் கையெழுத்தாகப் போட்டார். கல்தச்சர் ஈரத்துணியை எடுத்து ஆறாவது வரியைத் துடைத்தார்.

டீக்கடை அக்கா எழுந்து, புடவையைத் தட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் கடைக்கு நடந்தாள். கதவைத் தூக்குகிற சத்தம் கேட்டது. கொஞ்சம் பொறுத்துச் சின்னவளும் அந்தப் பக்கமே போனாள். அளவுகாரருக்கு வேறு எங்கே போவது என்று தெரியவில்லை. பின்னாலேயே போனார்.

அக்கா அடுப்பைப் பற்றவைத்துப் பாலை ஏற்றியிருந்தாள். சின்னவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். அந்தப் பெஞ்சில் அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. ஓரமாக, ஆஸ்பத்திரியில் காத்திருக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தாள். அக்கா ஒரு டீயைப் போட்டு அவள் முன்னால் வைத்தாள். “சர்க்கரை பத்துதா பாரு,” என்றாள். அவள் ஒரு வாய் குடித்துவிட்டுத் தலையாட்டினாள். கண்ணிலிருந்து வந்ததைத் துடைக்கவில்லை.

பிறகு அக்கா அளவுகாரர் பக்கம் திரும்பினாள்.

“காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. இருபத்தாறு வருஷம் எங்கையால வாங்கிக் குடிச்சீங்களே. ஒரு நாள்கூட தொண்டையில நிக்கலையா?”

மழுப்பியிருக்கலாம். இல்லையென்றால் அழுதாவது இருக்கலாம். அழுதிருந்தால் அவர்களுக்கு ஏதோ ஆறுதலாக இருந்திருக்கும். அவர் உண்மையைச் சொன்னார்.

“இல்லம்மா. நிக்கல.”

அக்காவின் கை, பழக்க தோஷம், நீலக்கோட்டுக் கிளாஸை எடுத்துவிட்டிருந்தது. எடுத்ததை உணர்ந்து அப்படியே நின்றாள். திரும்ப வைக்கப் போனாள்.

“அவருக்கும் போடுங்கக்கா,” என்றாள் சின்னவள். மாமாவுக்கு என்று சொல்லவில்லை. “இப்ப நிக்குதான்னு பாப்போம்.”

டீ வந்தது. அவர் கிளாஸை எடுத்து உதட்டுக்குக் கொண்டுபோனார். சின்னவள் பெஞ்சிலிருந்து எழுந்து வந்தாள். இரண்டு பெண்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்றுகொண்டு அவருடைய தொண்டையையே பார்த்தார்கள்.